ஏழு ஐம்பது

நீர்வேலிச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி
நான் பஸ் ஏறும் தரிப்பிடத்துக்கு
ஒரு பெயர் இருக்கிறது:
அமரர் ஐயம்பிள்ளை தில்லையம்பலம் ஞாபகார்த்தமாக,
மனைவி, மக்கள், ஸ்காபுறோ.
அவர் பிறந்த திகதி இருக்கிறது.
இறந்த திகதி இருக்கிறது.
பஸ் வரும் நேரம்
எந்தச் சுவரிலும் இல்லை.

எனக்கு வேலை கஸ்தூரியார் வீதியில்,
மூக்குக் கண்ணாடிக் கடையில்.
"கடைசி வரியை வாசியுங்கோ" என்று
நாள் முழுக்க ஆக்களைக் கேட்பவள்.
எட்டரைக்குக் கதவு திறக்கும்.
எட்டு நாற்பதுக்குப் போய் நின்றால்
முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார்,
சுவர் மணிக்கூட்டை ஒருதரம் பார்ப்பார்.
பேசினால் கூடப் பரவாயில்லை.

ஏழு ஐம்பதுக்கு ஒன்று இருக்கு என்கிறார்கள்.
ஆர் சொன்னது என்றால்
"முந்தி ஓடினது" என்கிறார்கள்.
டிப்போவுக்குப் போன் எடுத்தால்
"இப்பதான் வெளிக்கிட்டது" என்கிறார்கள்.
எங்கேயிருந்து, எங்கே
என்று கேட்கமுன் மணி அறுந்துவிடும்.

மினிபஸ்ஸின் கதை வேறு.
கோப்பாய்ச் சந்தியில் உறுமிக்கொண்டு நிற்கும்.
"வெளிக்கிடப் போறம், வெளிக்கிடப் போறம்."
மதிலுக்குப் பின்னால் பல் விளக்குகிறவரையும்
கொண்டக்டர் கூப்பிடுவான்.
பக்கக் கண்ணாடியில்
சிவப்பு பஸ் ஒரு பொட்டளவு தெரிந்ததும்
வாழைக்குலைகள் எங்கள் முழங்காலில் சரிய
ஒரே பாய்ச்சல்.
இருபாலையில் கை காட்டிய மூன்று பேர்
பின் கண்ணாடியில் சின்னதாகிப் போவார்கள்.
அதில் ஒருத்தர்
செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரிக்கு
இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்.
காட்டிய கையை அவர் இறக்குவதற்கு
நேரம் எடுக்கும்.

சொல்லச் சொல்கிறீர்கள் என்றால் சொல்கிறேன்.
முதல் படியை ஒரு சாண் பதியுங்கோ.
சீலை கட்டியவளும் ஏறுகிற படி அது.
இறங்குகிறவளின் மற்றக் காலும்
நிலத்தில் படுமட்டும்
ரைற் சொல்லாதேயுங்கோ.
பாட்டைக் குறையுங்கோ,
இறங்கவேணும் என்று நான் கத்துவது
எனக்கே கேட்கவில்லை.
ஏழு ஐம்பது இல்லையென்றால்
இல்லை என்று எழுதி ஒட்டுங்கோ.
வராத பஸ்ஸை விட
இல்லாத பஸ் நல்லது.
அதற்காக ஒருத்தரும் மழையில்
குடை பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

ஒருத்தரும் ஒட்டவில்லை.
ஒரு மாதம்
பவர் குறிக்கும் கொப்பியின் பின்பக்கத்தில்
நானே எழுதினேன்.
7.32 சிவப்பு, நிற்கவில்லை.
7.58 மினி, குலைகளோடு.
8.04 மினி.
8.04 சிவப்பு, இரண்டும் ஒன்றாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு.
பிறகு எட்டரை மட்டும் வெறும் றோட்டு.

துப்பரவாக ஒரு தாளில் எழுதி
தில்லையம்பலத்தாரின் பெயருக்குக் கீழே ஒட்டினேன்.
அவர் கோபிக்க மாட்டார்.
அடுத்த நாள் பென்சிலில் ஒரு கை:
"7.32 சனி வராது."
அதற்கு அடுத்த நாள் நீல மையில்:
"பள்ளிக்கூட லீவென்றால் 8.04உம் வராது."
பிறகு ஒரு வட்டம், ஒரு கேள்விக்குறி,
ஆரோ ஒரு பொடியன் வரைந்த பஸ்,
அதற்கு ஐந்து சில்லு.

போன வியாழன்
மிதிபலகையில் தொங்கியபடி
கொண்டக்டர் கஜீபன் கேட்டான்:
"அக்கா, இண்டைக்கு எங்களை எத்தினை மணி எண்டு
எழுதப் போறீங்கள்?"
எட்டு இரண்டு என்றேன்.
"எட்டு ஒண்டு!"
போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.
இந்த வீதியில்
ஒரு நிமிடத்துக்காக ஒருத்தன்
என்னோடு சண்டை பிடித்தது அதுதான் முதல்.

எட்டு ஒன்று என்றே எழுதினேன்.

மிச்சக் காசு எட்டு ரூபா
அவன் இன்னும் தரவில்லை.
அதுவும் கொப்பியில் இருக்கிறது.