எடைச்சீட்டின் பின்பக்கம்

காவேரிப்பட்டணம் தாண்டி
மாம்பழக்கூழ் ஆலை வாசலில்
இரவு எடைமேடை எனக்கு.
லாரி ஏறும். எண் நடுங்கும். நிற்கும்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில்
என் நாவல்.

பதினான்காம் அத்தியாயத்தில்
மூன்று மாதமாக ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.
திறக்கவும் மனமில்லை
போ என்று சொல்லவும் வரவில்லை.

"எங்கிருந்தும்மா எடுக்கிற இதையெல்லாம்?"
பெங்களூரா மாங்காய் ஏற்றிவந்த தீர்த்தகிரி கேட்டார்.
வாழ்க்கையிலிருந்து என்றேன்.
பொய்.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பழைய புத்தகக் கடையில் இரண்டு ரூபாய்க்கு வாங்கிய
அட்டை கிழிந்த குதிரைக்காரன் கதையிலிருந்து.
அவன் சுட்டுக்கொண்டு ஓடிய பள்ளத்தாக்கு
வேறு தேசம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அதே கள்ளி, அதே வெயில்,
ஒன்றின் தலையில் ஒன்று குந்தியிருக்கும் அதே குண்டுக்கல்.
கிருஷ்ணகிரி மலைக்குப் பின்னால்தான் ஷெரிப் வீடு
என்று ஆறாம் வகுப்புவரை நம்பினேன்.
ஷெரிப் என்றால் வி.ஏ.ஓ. மாதிரி
என்று அப்பா சொன்னதையும்.

நாற்பதாம் பக்கம், இடது மூலை.
கொள்ளைக் கூட்டத்தில் பெயரில்லாத ஒருவன்
"ஆ" என்று மட்டும் சொல்லிவிட்டு விழுவான்.
அடுத்த கட்டத்தில் அவன் இல்லை.
குதிரை இருக்கும்.

அந்தக் குதிரையை யார் வீட்டுக்கு ஓட்டிப்போனார்கள்?

நோட்டில் பதினொரு பக்கம் எழுதினேன்.
குதிரைக்குச் செவலை என்று பெயர்.
விழுந்தவனுக்கு மாதையன்.

அப்புறம் அந்தப் படுகளம்.
பதினெட்டு நாள் கூத்து முடிந்த காலையில்
மைதானம் நீளத்துக்கு மல்லாந்து கிடந்தான் மண் அரசன்,
தொடையில் குங்குமத் தண்ணீர் தேங்க.
பெற்றவள் வேஷம் கட்டியவர்
மீசை மேல் அரிதாரம் வழிய
துடைப்பத்தை ஆட்டிக்கொண்டு அழுதார்.
சிரிக்க வந்தவர்கள் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் அவனைப் பிய்த்தார்கள்.
ஒரு பிடி குதிருக்கு, ஒரு பிடி வயலுக்கு.
தோற்றவனைத் தூவி ராகி விளைவிக்கிற ஊர்.
என் பாவாடை மடியில் அவன் மூக்கு.
இன்னும் என் வில்லன்கள் யாருக்கும்
அந்த மூக்குதான்.

இன்று மூன்று மணிக்கு லாரி வரவில்லை.
ஆலையின் பின்வேலியோரம் நடந்தேன்.
அங்கே ஒரு நடுகல் உண்டு.
லோடுமேன்கள் சட்டை மாட்டுவார்கள்.
செல்போன் வெளிச்சத்தில் சட்டையை விலக்கிப் பார்த்தேன்.
கீழிருந்து மேலே படிக்க வேண்டிய மூன்று கட்டம்.
கீழே வில்லோடு அவன், பின்னால் மாடுகள்.
நடுவில் இரண்டு பெண்கள் அவனை
அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போகிறார்கள்.
மேலே சாமிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டிருக்கிறான்.
வசனம் இல்லை.

செத்தது எங்கே?

தடவினேன்.
முதல் கட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்
இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் கல்.
சிற்பி அங்கே உளி வைக்கவே இல்லை.
ஓர் எறும்பு குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஓடிவந்தேன்.
கையில் கிடைத்த தாளில் எழுதினேன்:
'பதினைந்து.
அவன் உள்ளே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தான்.
கீரைக் குழம்பில் உப்பு குறைவு என்றான்.'
கதவைத் திறந்தது யார் என்று எழுதவில்லை.

அதற்குள் ஹார்ன்.
இறக்கிவிட்டுக் காலியாக ஏறி நின்றது தீர்த்தகிரியின் வண்டி.
நிகர எடை ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது.
கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்து
கொட்டாவி விட்டு
மறுபடி பேனாவை எடுத்தபோதுதான் தேடினேன்.

பர்கூர் தாண்டியிருப்பார் இந்நேரம்.
டீக்கடையில் சீட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால்
பதினான்கு அத்தியாயம் தெரியாமல்
உப்பு குறைவு என்கிற ஒருவனோடு
வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.