மூன்று விநாடி

பாயான் லெப்பாஸ், ஐந்தாவது மாடி.
ஏர்கோனுக்கு என் மேசைமேல் தனி விரோதம்.
பதினேழு வருடமாய் நாற்காலியில் தொங்கும் கம்பளிச் சட்டையை
வீட்டுக்குக் கொண்டுபோவதா, விட்டுவிடுவதா,
இந்த வாரம் எனக்கிருக்கும் சிக்கலான கேள்வி இதுதான்.

மற்றதெல்லாம் ஹஸ்லிண்டா தந்த தாளில் இருக்கிறது.
வருடத்துக்கு இருபத்தைந்து நாள் சம்பளம்.
மருத்துவ அட்டை டிசம்பர் வரை.
அடியில் பொடி எழுத்தில், அறிவுப் பரிமாற்றம் முடிந்த பிறகே.
அறிவாம்.
கையெழுத்திடும்போது என் பேனா எழுதவில்லை,
அவளுடையதைக் கொடுத்தாள்.
அடுத்த பட்டியலில் அவளும் என்று கேண்டீனில் பேச்சு.

வெளியே தேடாமல் இல்லை.
நேர்காணலில் வயதைக் கேட்பதில்லை,
பட்டம் வாங்கிய வருடத்தைக் கேட்கிறார்கள்.

தினமும் பன்னிரண்டரைக்கு அழைப்பு. அவர்களுக்குப் பத்து மணி.
கோயம்புத்தூரில் மூன்று பேர், ஒரே மைக்.
திரையில் நான் எட்டெழுத்துக் குறியீடு,
அதற்குள் எந்த ஊர்க்காரியும் இருக்கலாம்.
என் ஆங்கிலத்தில் விழும் 'லா'வைக் கேட்டு
சீனப் பெண்மணி என்று அவர்களே முடிவுகட்டினார்கள்.
திருத்தியிருக்கலாம்.
முதல் நாள் சோம்பல்.

இரண்டாம் நாள் மைக்கை அணைக்க மறந்து
"இந்தம்மாவுக்கு இது கடைசி மாசமாம்டா" என்றது ஒரு குரல்.
"நல்லா சொல்லித் தர்றாங்க. நானா இருந்தா பாதியை மறைச்சிருப்பேன்."
மூன்றாவது, சற்று முதிர்ந்தது, எதையோ மென்றபடி:
"நமக்கு எத்தனை மாசம்னு எவனுக்குத் தெரியும்.
இப்ப வந்திருக்கிற மெசினு தானே எழுதுது,
அதுக்குச் சோறுகூட வேண்டாமாம்."
சிரித்தார்கள்.
என் குரல் கேட்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

கோப்பு நான்கின் தலைப்பில்
கைமாறிய கணக்கு தேதியோடு இருக்கிறது.
டுவைட், ஒஹாயோ, தொண்ணூற்று ஆறு.
மேவ், லிமரிக், இரண்டாயிரத்து மூன்று.
பிறகு நான்.
ஒப்படைத்த வாரத்தில் மேவ் அடிக்கடி மூக்கை உறிஞ்சினாள்.
எனக்கு அப்போது இருபத்தொன்பது.
சளி என்று நினைத்தேன்.

இதே சாலையில்தான் அம்மா
நுண்ணோக்கிக்குள் கண்ணை நட்டுத் தங்கக் கம்பி ஒட்டினாள்,
மூன்று ஷிப்டும் மாறிமாறி.
அந்த வரிசையைப் பெட்டி கட்டி சுஜோவுக்கு அனுப்பியபோது
பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டியதும் அவள்தான்.
ஓவர்டைம் கிடைத்தது என்றாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி:
மூன்று விநாடி காத்திரு.
டுவைட் எழுதியது. மேவ் தொடவில்லை.
நான் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்,
அன்றிரவு நான்கு நாட்டுக் கிடங்குகளில் ரசீது நின்றது.
விடியுமுன் திரும்ப வைத்தேன்.
எதற்காகக் காத்திருக்கிறது என்று
கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது.

நேற்று எல்லோரும் போன பிறகு
அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்.
குறிப்புகளை இயந்திரம் தாண்டிப் போய்விடும்,
அவை ஆட்களுக்கு.
தமிழில் எழுதினேன்:
இதை எடுக்காதீர்கள். ஏனென்று எனக்கும் தெரியாது.
பாதியை மறைக்கவில்லை, முழுசே இவ்வளவுதான்.

இன்று பன்னிரண்டரை.
கோப்பு நான்கைத் திறக்கச் சொன்னேன்.
கர்சர் இறங்கி வந்தது. நின்றது.
மைக் அணையவில்லை.
அங்கே ஒரு மின்விசிறி சுற்றுவது கேட்டது,
யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள்.
நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.
மென்றுகொண்டிருந்த குரல் விழுங்கிவிட்டு,
"சாப்பிட்டீங்களாம்மா?" என்றது.

இனிமேல்தான் என்றேன்.
கோப்பு ஐந்து முடியட்டும்.