உடம்போடு வைத்துத் தைக்கக் கூடாது

சீனன்குடாச் சந்தியில் என் தையற்கடை.
பலகையில் மூன்று மொழி, மூன்றிலும் பிழை.

விமானப்படைப் பிள்ளைகளுக்கு இரண்டு உடுப்பு.
பச்சை, பறக்கிறதுக்கு:
கழுத்திலிருந்து கவடுவரை ஒரே சிப்,
தொடையில் பை, கணுக்காலில் பை,
கக்கத்தில் உப்புப் பூத்த வட்டம்.
வெள்ளை, விழாவுக்கு:
கஞ்சி, பித்தளைப் பொத்தான்,
மடிப்பு ஒரு நூல் பிசகினாலும் திரும்பி வரும்.

சட்டம் எனக்கும் பாடம்.
பச்சையோடு இராச்சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் இருக்கக் கூடாது,
டவுனுக்குப் போகக் கூடாது,
பஸ் ஏறக் கூடாது.
என் கடைவரை வருவதே குற்றம்தான் என்று
துஷ்மந்த சிரிப்பான், அரைகுறைத் தமிழில்.
சிப் பிய்ந்தால் கழற்றவும் மாட்டான்,
ஐந்து நிமிஷம் அக்கா, பறக்கப் போகவேணும்.
உடம்போடு வைத்துத் தைக்கக் கூடாது என்பேன்.
முழங்காலில் இருந்து தைப்பேன்.

செவ்வாய்க்கிழமை
குடாவுக்கு அப்பால் பற்றைக்காட்டில்
பயிற்சி விமானம் விழுந்தது.

புதன் மத்தியானம்
அவன் கூட்டாளி வந்தான்,
பச்சையோடு, தொப்பியில்லாமல், நடுச்சந்தியால்.
காவலில் நின்றவன் வேறு பக்கம் பார்த்தான்.
கையில் துஷ்மந்தவின் வெள்ளை.
பெட்டி மூடித்தான் இருக்குமாம்,
என்றாலும் உள்ளே இது இருக்க வேணுமாம்.
'அவன் பச்சையைத்தான் கேட்டிருப்பான்.'
பச்சை எங்கே என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் பொத்தான் தளர்ந்திருந்தது.

சம்பூரில் பங்கருக்குள் கிடந்த நாட்களில்
மேலே போனவன் என்ன உடுத்திருந்தான் என்று
நாங்கள் யோசித்ததில்லை.
சத்தத்துக்கு ஏது உடுப்பு.
தம்பியை மண்ணில் வைத்தபோது
போட்டிருந்த கட்டைக் காற்சட்டையோடே வைத்தோம்.
வெள்ளை வேட்டி வீட்டில் இருந்தது.
வீட்டுக்குப் போகும் வழியில்தான்
விழுந்துகொண்டிருந்தது.

துஷ்மந்தவுக்கு அப்போது மூன்று வயது.
ஊசி கோக்கையில் கணக்குப் பார்த்தேன்.
இரண்டு தரம் பார்த்தேன்.
பொத்தானைத் தைத்தேன்.

நாளைக்கு நான் எது போட, என்றான் மற்றவன்,
தெரியாதவன்போல.
பெட்டிக்குப் பின்னால் நடக்க வெள்ளை, என்றேன்.
வெள்ளிக்கிழமை?
வெள்ளிக்கிழமை திரும்பப் பறக்கிறான்.

சும்மா நில் என்று
மெழுகுதிரித் துண்டை எடுத்தேன்.
அவன் உடம்போடு வைத்தே
சிப்பில் தேய்த்தேன்,
எங்கும் சிக்காமல்
இறங்கும்வரை.