ஏழும் எட்டும்

அணைக்கரைப் பாலத்து விளக்கடியில்
ராத்திரி பதினோரு மணிக்குப் பொறுக்கிய
ஒருநாள் பூச்சிகள், டப்பாவில் பதினேழு.
காலையில் கடை திறந்ததும்
பழுதான செல்போன்களை ஒதுக்கிவிட்டு
அதே லென்ஸ், அதே இடுக்கி.

வால் இரண்டா, மூன்றா?
மூன்றாவது ஒடிந்திருக்கலாம், அடிக்கட்டையைத் தேடு.
பின்சிறகு
உளுந்தந்தோல் அளவுகூட இல்லை.
ஆணுக்கு மட்டும் கண்ணுக்கு மேலே
தலைப்பாகை கட்டியதுபோல் இன்னொரு ஜோடிக் கண்.

நோட்டில் எழுதினேன்:
ஏழாம் இனம், சிறகு கலங்கல்,
கொள்ளிடத்துப் புதுத்தண்ணி மாதிரி.
எட்டாம் இனம், சிறகு கண்ணாடி.

ஏழைக் கட்ட மூன்று மணி நேரம்.
பதினாறாம் நம்பர் முள்ளில் சாம்பல் நூல்,
வாலுக்குப் பெயிண்ட் பிரஷ் மயிர் இரண்டு,
சிறகுக்கு
அறுப்பு வயலில் மேய்ந்துபோன வாத்தின் இறகு.
சார்ஜர் வாங்க வந்த ஹபீபுல்லா
"கொசுவுக்கா இத்தனை பாடு?" என்றார்.

மறுநாள் டப்பா மூடியில்
வால் நுனிவரை முழுசாக ஒரு சட்டை
காலியாய் ஒட்டிக்கொண்டிருந்தது.
பக்கத்தில்
ஏழு, எட்டாகி நின்றது.

ஒரு வரியை அடித்தேன்.
எதை அடிப்பது என்று
கொஞ்ச நேரம் ஆனது.
பிறகு லென்ஸில் அதன் வாயைத் தேடினேன்.
தின்ன ஒன்றுமில்லாத வாய்,
வாய் என்று சொல்லவும் முடியாது.

சாயங்காலம் மதகுக்குக் கீழே
கலங்கல் சிறகை வீசினேன்.
ஒரு கெண்டை மேலே வந்தது,
பக்கத்தில் நின்றது,
போய்விட்டது.
அதுவும் வாலை எண்ணியிருக்கும்.