இடது தோள்

உஸ்மான் சாலைப் பட்டுக்கடையில்
ஏசியின் வாய்க்கு நேர் கீழே என் கவுண்டர்.
பதினோரு மணிக்கு மேல்
இடது தோளில் யாரோ
தீக்குச்சி கிழித்துக்கொண்டே இருப்பார்கள்.
சீருடைப் புடவை மடிப்பைச் சேர்த்துக் குத்தும் பின்
மேடுகளுக்கு நடுவே இடம் தேடும்.
பதினேழு மேடு. மிளகு, கடலைப்பருப்பு,
ஒன்று மட்டும் புளியங்கொட்டை.
வாசலில் போய் நின்றால் அடங்கும்.
கத்திரி வெயிலில் காயப்போகிற பைத்தியம்
என்று எனக்குக் கடையில் பேர்.

பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா ஐஸ்கட்டி வைத்துப் பார்த்தார்.
நான் பல்லைக் கடித்ததையும் எழுதிக்கொண்டார்.
மயிரைச் சிலிர்க்க வைக்க
மயிர்க்காலுக்கு ஒன்றாய்க் குட்டித் தசை உண்டாம்,
அதுதான் தடித்துப்போய்க் கிடக்கிறதாம்.
"புற்று இல்லம்மா. வீட்ல வேற யாருக்கு?"

சீட்டின் முதுகில் படம் போட்டார்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
முப்பத்துநாலில் கர்ப்பப்பையை எடுத்த
கன்னியம்மா அத்தை, கறுப்பு வட்டம்.
சிறுநீரகத்தில் கட்டி வந்து போய்ச்சேர்ந்த அப்பா
கறுப்புச் சதுரம், குறுக்கே ஒரு கோடு.
தணிகாசலம் வெறும் சதுரம். உள்ளே கேள்விக்குறி.
"அண்ணன்கிட்ட சொல்லுங்க.
வருஷா வருஷம் கிட்னி ஸ்கேன். உங்களுக்கும்தான்."

அவனோடு பேசி ஆறு வருஷம்.
ராயப்பேட்டை வீட்டில் பங்கில்லை என்று
விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவன்.
இந்தச் சொத்து
ஆணா பெண்ணா பார்க்காதாம்.
பாதிக்குப் பாதி வாய்ப்பாம்.

அறுபத்துமூவர் கூட்டத்தில்
மற்ற பிள்ளைகள் அப்பன் தோள்மேல்.
நாங்கள் இரண்டு பேரும் தரையில் நின்று
குடைகளின் உச்சியை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.
தோளைத் தொட்டால் உதறுவார்.
தங்கமான மனுஷன், பாசம்தான் கிடையாது
என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

பஸ்ஸில் நின்றபடி அனுப்பினேன்:
அப்பாவுக்குத் தோள்ல இருந்துச்சே, உனக்கு இருக்கா?
ஒன்பது மணிக்கு நீல டிக்.
ஒன்றரைக்கு ஒரு போட்டோ.
ஒரு வார்த்தை இல்லை.
பாத்ரூம் கண்ணாடி, ஃப்ளாஷ் வெளிச்சம்,
பனியனை ஒதுக்கிய வலது தோள்.
பெரிதாக்கி எண்ணினேன்.
இருபதுக்கு மேல் கணக்கு கலைந்துவிட்டது.

புல்லரித்தது.
புல்லரித்த இடமெல்லாம் வலித்தது.
எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.