கானின் கழுத்தில் ஒரு சிவப்பு

கரியரில் பால் கான் ஏற்றினால்
மட்காட்டில் இருக்கிற சிவப்புக் கண்ணாடி மறைந்துபோகும்.
இதை எனக்குச் சொன்னது ஒரு டிப்பர்.
ஒலுமடுவுக்கு இங்கால், மதகடியில்,
விடியப்புறம் நாலரைக்கு,
ஹோர்ன்கூட அடிக்காமல்
என் முழங்கை மயிரை உரசிக்கொண்டு போனது.
பதினெட்டு லீற்றர் பாலும் நானும்
ஒரே கானுக்குள் குலுங்கினோம்.

பிறகொரு நாள் மாங்குளம் சந்தியில்
தேத்தண்ணியோடு நின்றான் அந்தச் சாரதி, நிமலரூபன்.
நல்ல பிள்ளை. முகம் வெளிறிக் கிடந்தது.
"சத்தியமா உங்களைக் காணேல்லை அக்கா.
கறுப்புச் சட்டை, கறுப்புத் தார்.
கான் மட்டும் கொஞ்சம் மினுங்கினது,
ஆரோ விழுத்திப்போட்ட தகரமெண்டு நினைச்சன்."

தகரம்.
நாற்பத்தாறு வயதில் கிடைத்த பட்டம்.

கஜீபனின் கடையில் இரண்டு லைற் வாங்கினேன்.
முன்னுக்கு வெள்ளை.
பின்னுக்குச் சிவப்பு, விட்டுவிட்டு எரிவது.
விலையைக் கேட்டதும்
சங்கத்தில் ஒரு கிழமைப் பால் காசு
எனக்குள் கூட்டிக் கழிந்தது.
சீற்றுக்குக் கீழே பூட்டினால் கான் மறைக்குமென்று
பழைய ரியூப்பை வெட்டி
கானின் கழுத்திலேயே கட்டித் தந்தான்.
"இனி ஆனைக்கும் உங்களைத் தெரியும் அன்ரி."
அதுக்குத் தெரியத் தேவையில்லையடா,
அது நிற்பதுதான் எனக்குத் தெரியவேணும்.
அதன் வாலில் எவரும் சிவப்புக் கட்டவில்லை.

முதல் மூன்று நாள் கூச்சமாக இருந்தது.
ஊரையே கூப்பிட்டுக்கொண்டு போவதுபோல.
கரிப்பட்டமுறிப்புப் பஸ் தரிப்பில் ஒரு நாய்
அந்தச் சிவப்பையே துரத்தி வந்தது.

இதே றோட்டில்,
அது கிரவலும் கிடங்குமாய்க் கிடந்த காலம்,
டைனமோவைச் சில்லிலிருந்து தட்டிவிட்டு
உழக்கியிருக்கிறேன்.
"நூர்! லைற்றை நூர்!"
அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் ஓடும்.
பீடியை உள்ளங்கைக்குள் பொத்தி இழுத்தார்கள்.
மேலே வண்டு சுற்றிக்கொண்டிருக்கும்.
ஆளில்லாத றோட்டைப் போல
அவ்வளவு ஆட்களும் போனோம்.

இப்போது என் முதுகுக்குப் பின்னால்
ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வருகிறது,
இருக்கிறன்
இருக்கிறன்
இருக்கிறன்.

வைகாசியில் ஒரு நாள்.
கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை.
கோயில் திருவிழாவைப் படம்பிடிக்க வந்த பொடியள்
வெளியில் நின்று
தங்கள் சின்னப் பறக்கும் கமராவை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.
எனக்கு அது தெரியாது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சத்தம்.

கை என்னைக் கேட்கவில்லை.
முன்னுக்கு வெள்ளையை அமத்தியது.
பிறகு முதுகை வளைத்து
கானின் கழுத்தைத் தடவி
சிவப்பையும் நூர்த்தது.
பதினைந்து வருசமாக வேலையில்லாமல் இருந்த கை
ஒரு விரலும் பிசகாமல்.

இருட்டு வந்து என்னை மூடியது.
சொன்னால் வெட்கம்,
ஒரு மூச்சு நேரம்
நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் பின்னால்
மணல் ஏற்றிய இரைச்சல்.

கானோடு கரைக்குச் சரிந்தேன்.
கப்பிக்கல், முழங்கால், பிறேக்கின் கூச்சல்.
டிப்பரிலிருந்து ஒருவன் குதித்து
என்னைத் தூக்கி நிமிர்த்தித்தான் ஏசத் தொடங்கினான்.
"லைற் இருக்கெல்லோ! பிறகேன் நூர்த்தனீங்கள்?"
பால் தாரில் வெள்ளையாய் ஓடிக்கொண்டிருந்தது.
இருட்டிலும் நல்லாகத் தெரிந்தது, பால்.
அவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.
அவனுக்கு என்ன சொல்வது?
"சுவிச்சில கை பட்டிட்டுது தம்பி."

சங்கத்தில் ஏழு லீற்றர் என்று எழுதினார்கள்.

பின்னேரம் கஜீபனிடம் போய்
இரண்டு சுவிச்சின் மேலும் ஒட்டு நாடா சுற்றச் சொன்னேன்,
நகம் நுழையாதபடி, இறுக்கி.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"பிறகு எப்பிடி அன்ரி நூர்க்கிறது?
ரெண்டு நாளில பற்றறி செத்துப்போகும்."

பற்றறிதானே, என்றேன்.
சாகட்டும்.