ஒட்டுப் பக்கம்

நான் மூன்றாம் பக்கத்தில் பிறந்தேன்,
முப்பத்தாறு வயதோடு, இடது முழங்கால் வலியோடு.
பெயர் ஒசெல்லா பைன். சனிக்கோளின் வளையத்தில்
பனிக்கட்டி நிறுக்கும் வேலை.
ஏழரை ஆண்டு ஒப்பந்தம்.

என்னை எழுதியவள் வெர்னெல் ஹார்க்ரோவ்,
ஒஹையோவில், டொலீடோவில்,
ஸ்பார்க் பிளக் தொழிற்சாலையில் சோதனை மேசைக்காரி.
நூற்றுக்கு மூன்றைக் கழித்துப் போடும் விரல்கள்.
வாக்கியத்தையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பாள்;
விரிசல் தெரிந்தால்
டப்பாவுக்குள் டங்கென்று விழும்.

என் தலைக்கு ஹெல்மெட் பொருந்தவில்லை.
அந்தக் கப்பலைக் கட்டியவர்கள்
இறுக்கிப் பின்னிய தலையைக் கண்டதில்லை.
எனக்காக ஒன்றரைப் பக்கம் எழுதினாள் வெர்னெல்:
உள்வளையத்தை எங்கே அறுப்பது,
எந்தப் பின்னலை எந்தப் பக்கம் மடிப்பது,
ரப்பர் எங்கே கசியும், மூச்சு எங்கே தங்கும்.
முடித்த இரவில் தன் தலையையே
சூப் பானைக்குள் விட்டு அளந்தாள்.

நியூயார்க்கிலிருந்து கடிதம்:
கதை பிரமாதம். ஹெல்மெட் பகுதி மட்டும்
ஓட்டத்தைத் தடுக்கிறது.
கத்தரித்தார்கள். அதன்பின்
நாற்பதாம் பக்கத்தில் கதவருகே நிற்பேன்,
நாற்பத்தொன்றில் வெளியே மிதப்பேன்.
எப்படி என்று எனக்கே தெரியாது.

எழுபத்தொன்பது, மார்ச்.
பார்சல் பிரித்தால், அட்டையில் ஒரு பெண்.
பொன்னிறக் கூந்தல்
காற்றே இல்லாத இடத்தில் பறக்கிறது.
திறந்த தோள். பின்னால் சனி,
வட்டமாக நறுக்கிய அன்னாசி.
வெர்னெல் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.
"யார் இது?" என்றான் கணவன் டெல்மார்.
"நான் எழுதாத யாரோ."

டெல்மார் சர்ச்சுக்குப் போடும் ஷூவின்
பாலிஷ் டப்பாவைத் திறந்தாள். பழைய பனியன் துணி.
நெற்றி, கன்னம், கழுத்து, தோள்.
கூந்தலுக்குக் கறுப்பு டப்பா.
ஹெல்மெட் பால்பாயின்ட் பேனாவில்; கோணல்தான்.
ஒன்றரைப் பக்கத்தைக் கார்பன் வைத்துத் தட்டி
மைதாப் பசையில் உள்ளே ஒட்டினாள்.

வீட்டில் பன்னிரண்டும் முடிந்தபின்
டார் தெரு மருந்துக்கடைக்குப் போனாள்.
சுழலும் ஸ்டாண்டில் ஐந்து.
நான்கை முடித்து, ஐந்தாவதில்
மூக்கு வரை வந்தபோது கடைக்காரர் வந்துவிட்டார்.
கெடுத்ததற்குக் காசு.
கொடுத்தாள், ஐந்துக்கும்.
மூக்குக்குக் கீழே அவள் அப்புறம் தொடவேயில்லை.
பக்கத்தை மட்டும் ஒட்டினாள்,
கடைசிக் கார்பன், பாதி எழுத்து மங்கல்.

அந்தப் பிரதிதான் நான்.
கைமாறிக் கைமாறி இப்போது பிரிஸ்டலில்,
கடை வாசலில் ஐம்பது பென்ஸ் பெட்டியில்.
கண்கள் என்னுடையவை, வாய் அவளுடையது.
வெயில் ஏறினால் பாலிஷ் இளகி
அவள் உதட்டுக்கு இறங்கும்.
ஒருநாள் கேட்டேன்: மூச்சு முட்டுகிறதா?
ஆரம்பத்திலிருந்தே, என்றாள் அவள்.
மூன்று மணி நேரம் ஸ்டூடியோவில் நின்றாளாம்,
ஹீட்டர் இல்லாமல். புத்தகத்தின் பெயரைக்கூட
யாரும் சொல்லவில்லையாம்.
அவளுக்கு நாற்பதாம் பக்கத்துக்கு அப்புறம்
வருவதைச் சொல்லிக்கொடுத்தேன்,
ரப்பர் எங்கே கசியும் என்பதிலிருந்து.

இன்று தூறல். யாரோ ஒருத்தி
பெட்டிக்குள் கைவிட்டாள். கட்டைவிரலில் பாலிஷ்.
முகர்ந்து பார்த்தாள். புரட்டினாள்.
ஒட்டின இடம் மொறுமொறுத்தது.
நின்றபடியே படித்தாள்,
மங்கல் வரிகளில் விரல் வைத்து,
இன்னொரு கை தன் பின்னலை எடுத்து
இடப்பக்கம் மடித்துப் பார்த்தது. இல்லை, வலப்பக்கம்.

எனக்கு வேடிக்கை பார்க்க நேரமில்லை.
கதவு திறந்தாயிற்று, வெளியே வந்தாயிற்று,
பனிக்கட்டியில் இரண்டு டன் குறைகிறது.